இந்தப் பாட்டு எந்த மொழிங்க?

பாட்டுக்கு மொழி எழுதுவதுதான் என் வேலை என்று சொன்னால், "அதுக்கெல்லாமா ஒரு ஆள்?" என்று கேட்காத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

காந்திபுரத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நம் பக்கத்துக் கலைஞர்கள் பதிவு செய்த பாட்டுகளை வாங்கி, போனில் பாட்டுக் கேட்கும் செயலிகளில் ஏற்றிவிடுவோம். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பாட்டின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், மொழி என்று விவரங்களைப் பதிக்க வேண்டும். மெட்டாடேட்டா என்பார்கள். மற்றதையெல்லாம் தட்டச்சு செய்துவிட்டுப் போய்விடலாம். மொழி மட்டும் அப்படியில்லை. அந்தக் கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். அதில் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றரை மொழிப் பாட்டுக்கு அங்கே இடமில்லை.

பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விழித்தவர் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும். கோயமுத்தூரில் அப்படி விழித்தவர்கள் நிறைய. கதவுக்கு உள்ளே தெலுங்கோ கன்னடமோ மலையாளமோ பேசிவிட்டு, கதவைத் திறந்ததும் தமிழுக்கு மாறிவிடுகிற வீடுகள் இல்லாத தெரு இங்கே அபூர்வம். அந்த வீடுகளிலிருந்துதான் எனக்குப் பாட்டுகள் வருகின்றன.

தோப்புக்குள் கும்மி

தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு வள்ளிக்கும்மிக் குழுவின் ஆல்பம் வந்தது. விவரங்களை எக்செல் தாளில் நிரப்பியவர் என் பக்கத்து இருக்கைக்காரர் நவீன். மொழிக் கட்டத்தைத் தனித்தனியாக நிரப்பச் சோம்பல்பட்டு, மேலே இருந்த கட்டத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். மேலே இருந்தது திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் பாடிய போஜ்புரி பக்திப்பாட்டு. ஆகவே மொத்தக் கும்மியும் போஜ்புரியாக வெளியே போய்விட்டது. செயலிகள் பாட்டைக் காதால் கேட்பதில்லை. எந்த மொழி என்று எழுதியிருக்கிறதோ, அந்த மொழிக்காரர்களின் போனுக்குத்தான் அதை அனுப்பிவைக்கும்.

நான் தலையில் அடித்துக்கொண்டு கும்மி வாத்தியாரைக் கூப்பிட்டேன். திட்டு வாங்கத் தயாராக, முதலிலேயே மன்னிப்புக் கேட்டு, உடனே மாற்றிவிடுகிறோம் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இது: "ஏனுங் அம்மணி, தென்னந்தோப்புல வேலை செய்யற பீகார்க்காரங்க போன்ல எங்க கும்மி ஓடறப்பவே நெனச்சேனுங்க. அதுல ரெண்டு பேரு அடவும் கத்துக்கிட்டாங்க. ஒரு வாரம் போகட்டும், அப்பறமா மாத்திப்போடுங்க."

ருக்மணியக்கா

இந்த வேலையில் என்னை உண்மையாகவே தூங்கவிடாமல் செய்தது காரமடை ருக்மணியக்காவின் பாட்டுதான். ஜாக்கெட் தைக்கிறவர். அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். அவர்கள் வீட்டில் கன்னடம். எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியாது. ஒருவருக்கும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாது. பேசுவதும் திட்டுவதும் பாடுவதும் மட்டும்தான். கல்யாணம், நலங்கு, வளைகாப்புக்கு அவர்கள் வீடுகளில் பாடும் பாட்டுகளை ஒரு ஸ்டுடியோவில் பாடிப் பதிந்து, பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார்.

கேட்டுப் பார்த்தேன். நல்ல குரல். ஆனால் கன்னடத்துக்கு நடுவே தமிழ் தாராளமாக வந்துபோனது. "அக்கா, மொழின்னு எதைப் போட?" என்றேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி உட்கார்ந்து, மகளைப் பற்றிச் சொன்னார். மகள் கீர்த்தனாவைப் பெங்களூரில் கொடுத்திருக்கிறது. நல்ல குடும்பம், மாப்பிள்ளையும் தங்கமானவர். மாமியார் மட்டும் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை. மருமகள் வாயைத் திறந்தால் போதும், சாப்பாட்டு மேசையிலேயே திருத்துவார். கெட்ட எண்ணம் இல்லை, வாத்தியார் பழக்கம். ஆனால் சுற்றி இருக்கிறவர்கள் சிரித்துவிடுகிறார்கள். கீர்த்தனா இப்போது அந்த வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் பேசுகிறாள். வயிற்றில் குழந்தை. வளைகாப்புக்குச் சம்பந்தி வீட்டார் எல்லோரும் காரமடைக்கு வருகிறார்கள். அதற்குள் இந்தப் பாட்டுகள் போனில் வந்துவிட வேண்டும் என்றார். மொழியைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கன்னடம்னு போடுங்க அம்மணி. நாங்க பேசறது கன்னடந்தான்னு என்ற பொண்ணுக்குத் தெரியோணும். இல்லாட்டி அவ கொழந்தைகிட்டயும் இங்கிலீஷ்லதான் பேசுவா."

சொல் இல்லாத பாட்டு

அதே வாரத்தில் ஒரு நாதஸ்வர ஆல்பமும் வந்து என் பொறுமையைச் சோதித்தது. பாட்டில் சொற்களே இல்லையென்றால் 'மொழி இல்லை' என்று குறிக்க எங்கள் பட்டியலில் ஓர் இடம் உண்டு. வித்வான் பேரூர்ப் பக்கம், கோபக்காரர் என்று கேள்வி. நான் பயந்துகொண்டேதான் குறித்தேன். மறுநாளே மாடிப்படி அதிர வந்துவிட்டார். தெலுங்குக் கீர்த்தனையை அதன் சொற்களான சாகித்தியம் மனதில் இல்லாமல் ஒருவன் வாசிக்க முடியுமா என்று கேட்டார். வாசிக்கும்போது உள்ளே தெலுங்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே தெலுங்கு என்று போடு என்றார். கேட்பவருக்குத் தெலுங்கு காதில் விழாதே என்று நான் இழுத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க காதுல உழுகலீன்னா அது என்ற கொறையாங்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

திரும்பி வந்தது

ருக்மணியக்காவின் பாட்டுகளைக் கன்னடம் என்றே அனுப்பினேன். நாங்கள் அனுப்புவதை எங்கேயோ உட்கார்ந்து சரிபார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர்கள்மீது எனக்கு இருக்கும் கடுப்புக்கு முகம் தேவையில்லை. சில நாளில் ஆல்பம் திரும்பி வந்தது. ஒலியில் உள்ள மொழியும் குறிப்பிட்ட மொழியும் பொருந்தவில்லை என்று காரணம். எங்கள் முதலாளி எட்டிப் பார்த்து, தமிழ் என்று போட்டு அனுப்பிவிடு, தொல்லை தீர்ந்தது என்றார். என் பேச்சைக் கேட்காமல் அவரே அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. இது தமிழ் இல்லையாம்.

இரண்டு மொழிகளும் கைவிட்ட பிறகு மிச்சம் இருந்தது 'பிற' என்ற ஒரு வார்த்தை. பட்டியலின் கடைசியில் கிடக்கும். அதைப் போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், மறுநாளே பாட்டு வெளியாகிவிடும். மூன்றாவது முறையும் திரும்பினால் ஆல்பத்தையே முடக்கிவிடுவார்கள் என்பதால், 'பிற' என்று போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கும் தோன்றியது. ருக்மணியக்காவுக்குப் போன் செய்து பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றுபோனது. பிறகு சொன்னார்: "அந்த ஊட்டுல அவ ஏற்கெனவே 'பிற'தானுங்க. அதை நானும் எழுதிக் கொடுக்கோணுமா?"

'பிற' என்ற வார்த்தையை அன்றிலிருந்து நான் தொடுவதே இல்லை.

உக்கடத்துப் பாய்

அடுத்த முறை ருக்மணியக்கா நேரில் வந்தபோது ஹக்கீம் பாயும் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். உக்கடத்தில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். மீலாது விழாக்களில் பாடுவார். சுத்தமான தமிழ்ப்பாட்டு, இடையில் ஓரிரு அரபுச் சொற்கள். நான் தமிழ் என்றுதான் எழுதியிருந்தேன். சரிபார்க்கிற புண்ணியவான் பாடகர் பெயரைப் பார்த்துவிட்டு, தானாகவே உருது என்று மாற்றி வெளியிட்டுவிட்டார். அதனால் பாயின் சொந்தக்காரர்கள் போனில் தமிழ்ப்பாட்டுகளைத் தேடும்போது இது வருவதே இல்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததை ருக்மணியக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். தன் கதையையும் சொன்னார். இரண்டு பேரும் ஒரே டாக்டரிடம் வந்த நோயாளிகள் மாதிரி விவரங்களைப் பரிமாறிக்கொண்டார்கள்.

பாய் கோபப்படவே இல்லை. எனக்குத்தான் அவருக்கும் சேர்த்துக் கோபம் வந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு என் கணினித் திரையைக் காட்டிச் சொன்னார்: "பேரைப் பாத்து மொழி எழுதறதா இருந்தா, எங்க தெருவுல ஒருத்தருக்கும் தமிழ் தெரியக்கூடாதும்மா. பாடுனவங்க சொல்றதை எழுதறதுக்கு இவங்களுக்கு என்ன கஷ்டம்?"

பேக்கரிக்காரரின் தீர்ப்பு

பாய் சொன்னதையே கொஞ்சம் நாகரிகமாக்கிச் சரிபார்ப்பவர்களுக்கு எழுதினேன். பதில் வந்தது. அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், பாடியவருக்கு ரத்த சம்பந்தம் இல்லாதவர், பாட்டைக் கேட்டு இது கன்னடம்தான் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். இவ்வளவுதானா என்று நான் துள்ளிக் குதித்துக் கீழே ஓடினேன். எங்கள் தெருமுனைப் பேக்கரிக்காரர் கர்நாடகத்தில் ஹாசன் ஊர்ப் பக்கத்துக்காரர். தினமும் தேங்காய் பன் வாங்குகிற உரிமையில், ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். என்ன என்று கேட்டதற்கு, மாப்பிள்ளையின் மூக்கைக் கேலி செய்கிறார்கள் என்றார். இன்னொரு இடத்தில் பெருமூச்சு விட்டார். முழுவதும் புரிந்ததா என்று கேட்டேன், ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது என்றார். நான் காகிதத்தை நீட்டினேன். பப்ஸ் தட்டை நகர்த்திவைத்துவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்து, பேனாவை வாங்கி, மறுபடியும் என்னிடமே கொடுத்துவிட்டார். "புரியுதுங்க மேடம், எல்லாமே புரியுது. ஆனா இதைக் கன்னடம்னு நான் எழுதிக் கொடுத்தா, எங்க ஊர்ல என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

சம்பந்தியம்மாவுக்கு ஒரு போன்

அலுவலகத்துக்கு வந்த ருக்மணியக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். வளைகாப்பு நெருங்கிவிட்டது. கோவையில் வேறு யாரையாவது தேடலாம் என்று நான் இரண்டு மூன்று பேரைச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. கழுத்து டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ரத்த சம்பந்தம் இருக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள், சம்பந்தி என்றால் பரவாயில்லையா என்று கேட்டார். அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கீர்த்தனாவின் மாமியாரைத்தான் என்று பிறகுதான் புரிந்தது. மகளின் பேச்சைத் திருத்தித் திருத்தி நிறுத்திவிட்ட அதே அம்மாவிடமா போய் இதைக் கேட்பது? அவர் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கீர்த்தனாவின் கதி என்ன? நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என் பயம் நியாயமானது என்றே சொல்வேன்.

ருக்மணியக்கா எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பெங்களூருக்குப் போன் போட்டார். அதுவரை சம்பந்தியம்மா கூப்பிட்டால் நலம் விசாரித்துவிட்டுக் கணவரிடம் போனைக் கொடுத்துவிடுவாராம். அன்று காரமடைக் கன்னடத்திலேயே பேசினார். முதலில் குரல் தடுமாறியது, பிறகு ஜாக்கெட் அளவு சொல்வது போல நிதானமாகிவிட்டது. நடுவில் கீர்த்தனா என்ற பெயர் பலமுறை வந்தது எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாட்டை அனுப்பி வைங்க, கேக்கறேன்னாங்க. சரின்னு சொல்லலீங்க. ஆனா நான் பேசி முடிக்கற வரைக்கும் ஒரு வார்த்தையும் திருத்தலீங்க அம்மணி."

இரண்டு பக்கம்

பதில் மின்னஞ்சலில் வந்தது, ஸ்கேன் செய்யப்பட்ட இரண்டு பக்கங்கள். முதல் பக்கம் ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில், ரொம்பச் சுருக்கம். அதன் சாரம் இதுதான்: இது நான் வகுப்பில் கற்பித்த கன்னடம் அல்ல, ஆனால் இது கன்னடம். கீழே கையெழுத்து, ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற அடைமொழியோடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நவீன் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன். இரண்டாவது பக்கத்தைத் திறந்ததும் கலக்கம் பறந்துபோனது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. பாட்டில் எந்தெந்தச் சொல் தவறு, எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று வரிவரியாகத் திருத்தி அனுப்பியிருந்தார் அந்த மகராசி.

இதைக் காட்டுவதா மறைப்பதா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே, பதில் வந்ததா என்று கேட்க வந்த ருக்மணியக்கா திரையைப் பார்த்துவிட்டார். எழுத்துத் தெரியாவிட்டாலும் சிவப்பு மைக்கு அர்த்தம் யாருக்குத்தான் தெரியாது? மனம் உடைந்துபோவார் என்று பயந்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் அச்செடுக்கச் சொன்னார். முதல் பக்கத்தை என் பக்கம் தள்ளினார், இரண்டாவதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதை மட்டும் அனுப்புங்க. அது என்றகிட்ட இருக்கட்டும். கொறை சொல்றதுக்காச்சும் எல்லாப் பாட்டையும் கடைசி வரைக்கும் கேட்டிருக்காங்கல்லங்."

வளைகாப்பு

விசேஷத்துக்கு முந்தின நாள் ஆல்பம் வெளியானது. மொழி: கன்னடம். நான் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காரமடை மண்டபத்துக்குப் போனேன். கீர்த்தனா அம்மாவைப் போலவே நெடுநெடுவென்று இருந்தாள். மனையில் உட்கார்ந்திருந்தவள் மாமியாரிடம் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டதுகூட ஆங்கிலத்தில்தான். ருக்மணியக்கா அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாலும் காது முழுக்க மகளிடம்தான் இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

வளையல் போட ஆரம்பித்ததும் யாரோ போனை ஸ்பீக்கரில் இணைத்தார்கள். ருக்மணியக்காவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பெங்களூர்க்காரர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எந்தச் செயலியில் இருக்கிறது என்று கேட்டு அவரவர் போனில் தேடினார்கள். கீர்த்தனாவும் மடியில் இருந்த போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, 'மொழி: கன்னடம்' என்ற இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கையெழுத்தால் அது வந்தது என்று ருக்மணியக்கா அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்து வளையலை ஏற்றினார். கொஞ்சம் இறுக்கம் போலிருக்கிறது. கீர்த்தனா முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னாள். ஆங்கிலம் இல்லை. சம்பந்தியம்மாவின் வாய் பழக்கதோஷத்தில் தானாகத் திறந்து, அவள் சொன்ன வார்த்தையைத் திருத்தியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பதற்குத் தயாரானார்கள். கீர்த்தனா நிமிர்ந்து உட்கார்ந்து, அதே மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னாள். பிறகு சம்பந்தியம்மாவே முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த வளையலைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் பெரிதாக வேறொன்றை எடுத்தார்.

அவள் என்ன சொன்னாள் என்று ருக்மணியக்காவின் கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் என் காதருகில் குனிந்து தமிழில் சொன்னார்: "'அத்தை, இது எங்க ஊர்க் கன்னடம், கையெழுத்துப் போட்டது நீங்கதான்'னு சொல்றாளுங்க."

மொத்தத்தில், பாட்டு எந்த மொழி என்று பேக்கரி முதல் பெங்களூர் வரை விசாரித்துவிட்டு, பாடியவர் முதல் நாளே சொன்னதைக் கடைசியில் எழுதிச் சம்பளம் வாங்குகிற தொழில் எங்களுடையது.